பாட்டியின் சிரிப்பு ஏன் சுளிப்பாகிறது? பென்சில் உருவப்படத்தில் ஒளி, நிழல், முகபாவம்

கேள்வி இதுதான்: பாட்டியின் புகைப்படத்தைப் பார்த்து ஏ3 தாளில் பென்சிலால் வரைந்திருக்கிறீர்கள். கட்டம் போட்டு அளந்ததால் அளவுகள் பிசகவில்லை, பார்க்கிறவர்கள் ஆளை அடையாளம் சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் முகம் தட்டையாக இருக்கிறது. கன்னத்து நிழல் அழுக்குப் படிந்தது போலத் தெரிகிறது. புகைப்படத்தில் சிரிக்கிற பாட்டி, படத்தில் ஏதோ வலியைப் பொறுத்துக்கொள்கிறவர் போல இருக்கிறார். மிகக் கறுப்பாக எழுதும் 8பி பென்சிலை அழுத்தித் தேய்த்தும் ஆழம் வரவில்லை. எங்கே தவறு?

இந்த நான்கும் தனித்தனித் தவறுகள் போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. கோடு ஆளின் சாயலைப் பிடித்துத் தரும். முகபாவம் உட்கார்ந்திருப்பது நிழல் முடிகிற ஓரங்களில். அந்த ஓரம் எங்கே கூர்மையாக வெட்டுகிறது, எங்கே கரைந்து போகிறது என்று பார்க்காமல், கண், மூக்கு, வாய் என்று உறுப்பு உறுப்பாகக் கோடு போட்டு முடித்துவிட்டு அப்புறம் ஷேடிங் செய்தால், நிழல் முகத்தின் மேல் ஒட்டிய தூசியாகத்தான் நிற்கும்.

முதலில் புகைப்படம். முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்து எடுத்த படத்தில் நிழலெல்லாம் தலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. பாஸ்போர்ட் படத்துக்காக இரண்டு பக்கமும் குடை விளக்கு வைத்து எடுத்திருந்தாலும் அதே கதைதான். அப்படிப்பட்ட படத்திலிருந்து திரட்சியான முகத்தை வரைவது அனுபவசாலிகளுக்கே கடினம். பாட்டி இருக்கிறார் என்றால் புதிதாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, பல மணி நேரத் திண்டாட்டத்தை மிச்சப்படுத்தும்.

நேர் வெயில் உள்ளே விழாத ஜன்னல் வேண்டும். ஐரோப்பிய ஓவியர்கள் வடக்குப் பார்த்த ஜன்னலைச் சொல்வார்கள், அவர்கள் ஊரில் அது ஆண்டு முழுக்கப் பொருந்தும். தமிழ்நாட்டில் சித்திரை நடுவிலிருந்து ஆடிக் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால், அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிட்டால் போதும், ஒளி பரவலாகிவிடும். ஜன்னலின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்துவிட்டால் ஒளி மேலிருந்து வரும். பாட்டியை ஜன்னலிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி, ஒளி பக்கவாட்டில் 45 பாகை, மேலே 45 பாகை என்று வரும்படி உட்கார வையுங்கள். அறையிலுள்ள டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். இரண்டாவது விளக்கு இரண்டாவது நிழலைக் கொண்டுவரும், மூக்குக்கு இரண்டு நிழல் விழுந்தால் முகத்தின் வடிவம் குழம்பும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூக்கின் நிழலைக் கவனியுங்கள். அது கடைவாயின் திசையில் சாய்ந்து விழ வேண்டும். மேலுதட்டைத் தாண்டிப் போகக் கூடாது. தலையை இன்னும் கொஞ்சம் திருப்பினால் மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, இருட்டுப் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும். இதைத்தான் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் ரெம்பிராண்ட் ஒளி என்கிறார்கள். கம்பீரமான முகத்துக்கு அது அழகு. சிரிக்கிற வயதான முகத்துக்குச் சற்றுக் கடுமை, சுருக்கங்கள் முன்னே துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் இருட்டுப் பக்கம் முக்கால் மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து நிழலைக் கொஞ்சம் இளக்கிக்கொள்ளலாம்.

கைபேசியில் எடுப்பதானால் ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய்ச் சிறுத்துவிடும். அதைக் கட்டம் போட்டு எவ்வளவு துல்லியமாக நகலெடுத்தாலும் ஆள் வேறு மாதிரிதான் இருப்பார். அழகுபடுத்தும் வசதியையும் எச்டிஆரையும் நிறுத்துங்கள். முதலாவது தோலின் மேடு பள்ளங்களை வழித்துவிடுகிறது, இரண்டாவது நிழலைத் தூக்கி வெளிச்சத்தோடு சமன் செய்துவிடுகிறது. வெளிச்சம் படும் கன்னத்தைத் திரையில் தொட்டு, ஒளியளவைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். வெளிறிப்போன இடத்தில் தகவல் மிஞ்சாது.

இனி டோன், அதாவது ஓர் இடம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கருமை என்ற அளவு. தாளின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக ஒன்பது கட்டங்கள் வரைந்து, வெற்றுத் தாளை 1 என்றும், உங்கள் பென்சில் தரக்கூடிய அதிகபட்சக் கருமையை 9 என்றும் வைத்து, இடையிலுள்ளவற்றைச் சீரான படிகளாக நிரப்புங்கள். இந்தப் பட்டை இல்லாமல் ஷேடிங் செய்வது தராசு இல்லாமல் எடை போடுவது மாதிரி. இடைப்பட்ட சாம்பலைக் கண் தனியாக மதிப்பிடத் தெரியாமல் பக்கத்திலிருப்பதோடு ஒப்பிட்டே முடிவு செய்யும். இருண்ட கூந்தலுக்குப் பக்கத்தில் நெற்றி உண்மையில் இருப்பதை விட வெளுத்துத் தெரியும். பட்டையைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

அடுத்ததுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான வேலை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு புகைப்படத்தைப் பாருங்கள். சின்ன விவரங்கள் மறைந்து, வெளிச்சத்தில் உள்ளவை, நிழலில் உள்ளவை என்று முகம் இரண்டே கூட்டமாகப் பிரியும். இருட்டுப் பக்கத்து நெற்றிப்பொட்டு, கண்குழி, மூக்கின் பக்கச்சுவர், மூக்கு எறியும் நிழல், மேலுதடு, கீழுதட்டுக்கு அடியிலுள்ள பள்ளம், தாடைக்கு அடி, கழுத்து ஆகியவை பெரும்பாலும் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே தீவாக இருக்கும். அந்தத் தீவின் கரையை மெல்லிய கோடாக வரைந்து, உள்ளே முழுவதையும் 2பியால் ஒரே 5ஆம் படியில் தட்டையாக நிரப்புங்கள். கண்ணா வாயா என்று பார்க்க வேண்டாம். இமை, உதடு எதுவும் இன்னும் இல்லாத நிலையிலேயே, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் பாட்டி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தீவின் கரை தவறு; அதை இப்போதே திருத்துங்கள். இதற்கு முக்கால் மணி நேரம் கொடுத்தாலும் வீணில்லை.

இதற்குப் பிறகு கடைசி வரை காப்பாற்ற வேண்டிய ஒரு விதி உண்டு: நிழல் கூட்டத்தில் ஆக வெளுத்த இடம்கூட, வெளிச்சக் கூட்டத்தில் ஆக இருண்ட இடத்தை விட ஒரு படியாவது கருமையாக இருக்க வேண்டும். தட்டையாகப் போகிற படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தவறுகின்றன. தாடைக்கு அடியில், வெள்ளைப் புடவையிலிருந்தோ தரையிலிருந்தோ ஒளி பட்டுத் திரும்பும். அந்த எதிரொளி புகைப்படத்தில் பளிச்சென்று கண்ணில் படும், கை உடனே அங்கே ரப்பரைக் கொண்டுபோகும். வெளிச்சக் கன்னத்தின் டோனுக்கே அதைத் தூக்கிவிட்டால் தாடை உருளாது. இரண்டு பக்கமும் வெளுத்து நடுவில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிற தகரக் குழாய் மாதிரி ஆகிவிடும். நிழல் 7 என்றால் எதிரொளி 6. அதற்கு மேல் வெளுக்க விடாதீர்கள். வெளிச்சத்திலுள்ள அரைநிழல்களில் இதே தவறு திசை மாறி நடக்கும். கன்னத்தின் மெல்லிய வளைவை 3 அல்லது 4இல் நிறுத்தாமல் 5, 6 வரை கொண்டுபோனால் அது நிழலாகவும் இல்லாமல் வெளிச்சமாகவும் இல்லாமல் நிற்கும். நீங்கள் சொல்கிற அழுக்கு இதுதான்.

நம் ஊர் முகங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பாடங்களில் பெரும்பாலும் வெளிறிய தோல்தான் மாதிரி. வெளிச்சப் பகுதி 1 முதல் 3, நிழல் 5 முதல் 7 என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு மாநிறமான, கறுத்த முகங்களை வெள்ளைத் தாளாக விட்டு ஓரத்தில் மட்டும் ஷேடிங் செய்வது பரவலாகக் காணும் பிழை. ஆள் சிவப்பாக மாறிவிடுவதோடு முகத்தின் வலுவும் போய்விடும். கறுத்த தோலில் வெளிச்சப் பகுதியே 4 முதல் 6 வரை இருக்கலாம், நிழல் 7 முதல் 9. இரண்டு கூட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகுவதால், வடிவத்தைச் சொல்லும் பொறுப்பு ஹைலைட்டுகளுக்கு, அதாவது ஒளி பட்டு மினுங்கும் இடங்களுக்கு, வந்துவிடுகிறது. தோலின் மேற்பரப்பில் தெறிக்கிற ஒளி எந்த நிறத் தோலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். உள்ளே புகுந்து சிதறித் திரும்பும் ஒளி கறுத்த தோலில் குறைவு. அதனால்தான் நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, கீழுதடு ஆகியவற்றின் மினுக்கு அவ்வளவு தெளிவாக எழுந்து நிற்கிறது. அவற்றை 2 அல்லது 3இல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த வடிவத்தைக் கொடுங்கள். நெற்றியில் அகன்று மங்கலாக, மூக்கு நுனியில் சிறிதாகக் கூர்மையாக. முகம் முழுவதையும் முதலில் ஒரு 4ஆம் படி டோனால் மூடிவிட்டு, ஹைலைட்டைப் பிசையும் ரப்பரால் (மாவு போல விரும்பிய வடிவத்துக்குப் பிசையக்கூடிய மெத்தென்ற ரப்பர்) எடுப்பது இதற்கு நல்ல வழி.

நிறங்களைச் சாம்பலாக மாற்றும்போதும் கவனம் வேண்டும். சிவப்பு நினைப்பதை விட இருண்டது, மஞ்சள் நினைப்பதை விட வெளுத்தது. மாநிற நெற்றியில் குங்குமப் பொட்டின் டோன் சில சமயம் தோலின் டோனுக்கே சமமாகிவிடும். கறுப்பு வெள்ளையில் பொட்டு மறைந்தே போகும். அங்கே ஒரு படி கருமை கூட்டி, ஓரத்தைச் சுத்தமாக வெட்டி வைப்பது நியாயமான சலுகை. நரைத்த தலையை வெள்ளைத் தாளில் வெறும் கோடாக வரைந்தால் தலை கரைந்துவிடும். பின்னணியில் 5 அல்லது 6 படி டோன் வைத்தால்தான் நரை வெள்ளையாகத் தெரியும். இதை முகத்தை முடித்த பிறகு செய்யக் கூடாது, தொடக்கத்திலேயே வையுங்கள். வெள்ளைத் தாளை ஒட்டி மதிப்பிட்ட கன்னத்து டோன், பின்னணி இருண்டதும் வெளிறிப்போனதாகத் தெரிந்து, மறுபடி எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும்.

இப்போது ஓரங்கள். இரண்டு வகை நிழலைப் பிரித்துப் பாருங்கள். கன்னம், நெற்றி, தாடை போல உருண்டையான பரப்பு ஒளியிலிருந்து விலகித் திரும்புவதால் உண்டாகும் நிழலின் ஓரம் மென்மையானது. மூக்கு உதட்டின் மேலும், தாடை கழுத்தின் மேலும் எறிகிற நிழலுக்கு ஓரம் கூர்மையானது. அதுவும் எறியும் உறுப்புக்குப் பக்கத்தில் கூர்மையாகத் தொடங்கி, தள்ளிப் போகப் போகக் கலங்கும். மூக்கடியில் கத்தி வைத்தது போலிருக்கிற நிழல் உதட்டோரத்தை நெருங்கும்போது கலங்கிவிடும். உருண்டை நிழலிலும் எலும்பு தோலுக்கு அடியில் நெருக்கமாக இருக்கும் புருவ மேடு, கன்ன எலும்பு, மூக்கெலும்பு ஆகிய இடங்களில் திருப்பம் சடக்கென்று இருக்கும். சதைப்பற்றான கன்னத்தில் மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்குப் பரவும். எல்லா ஓரங்களையும் ஒரே மாதிரி ஸ்டம்ப்பால் (தாளை இறுகச் சுருட்டிச் செய்த தேய்ப்புக் குச்சி) தேய்த்து மழுப்பினால் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். எல்லாவற்றையும் கூர்மையாக விட்டால் மர முகமூடி.

சிரிப்புக்கு வருவோம். 1862இல் வெளிவந்த தன் ஆய்வில் பிரெஞ்சு மருத்துவர் துஷேன், முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து ஒன்றைக் காட்டினார்: கடைவாயை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் எளிதில் அசையும். ஓவியருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. சிரிப்பை வாயில் மட்டும் வரைந்தால் அது போலிச் சிரிப்பாகத்தான் தெரியும். கடைவாய் மேலேயும் பின்னேயும் போகும்போது கன்னக் கதுப்பு திரண்டு எழுந்து கீழிமையைத் தள்ளுகிறது, கீழிமையின் வளைவு தட்டையாகி மேலே ஏறிக் கருவிழியின் அடியைக் கொஞ்சம் மறைக்கிறது, கடைக்கண்ணில் சுருக்கங்கள் விசிறியாக விரிகின்றன. உதடுகள் இழுபட்டு மெலிந்து பல்லோடு படிவதால் கீழுதட்டுக்கு அடியிலுள்ள நிழலும் குறைகிறது. வலியில் சுளிக்கிற முகத்திலும் இவற்றில் பாதி உண்டு. வித்தியாசம் வேறு இடத்தில்: வலியில் புருவங்கள் இறங்கி உள்நோக்கி நெருங்கும், வாய் மேலே போகாமல் பக்கவாட்டில் இழுபடும், மேலுதடு தூக்கிக்கொள்ளும்.

உங்கள் படத்தில் மூன்று இடங்களைச் சோதியுங்கள். முதலாவது புருவ நடு. வயதானவர்களுக்கு அங்கே நிரந்தரமாக இரண்டு செங்குத்துக் கோடுகள் இருக்கும். அவற்றைப் புகைப்படத்தில் உள்ள அளவுக்கே கறுப்பாக வரைந்தாலும் கோபமோ வலியோ வந்துவிடும். ஒரு படி இளக்கி, மேல்முனையில் கரைய விடுங்கள்.

இரண்டாவது, மூக்கு மடலிலிருந்து கடைவாய்ப் பக்கம் இறங்குகிற மடிப்பு. இதைக் கோடாக வரைவதுதான் முகத்துக்குத் திடீரென்று இருபது வயது கூட்டுகிற, சிரிப்பைச் சுளிப்பாக்குகிற முதல் குற்றவாளி. அது கோடு என்று நினைக்கவே வேண்டாம். கன்னம் என்ற மெத்தை, மேலுதட்டுப் பகுதியின் மேல் சாய்ந்து நிற்கும் இடம் அது. மெத்தைப் பக்கம் வெளிச்சம், அதன் அடிவாரத்தில் நிழல். மூக்கு மடலை ஒட்டி 6, நடுவில் 5, கடைவாயைத் தாண்டும்போது சுற்றியுள்ள தோலின் டோனிலேயே கலந்துவிட வேண்டும். கன்னப் பக்கத்து ஓரம் மெதுவாக, உதட்டுப் பக்கத்து ஓரம் சற்றுக் கூர்மையாக. முகத்திலுள்ள மற்ற எல்லாச் சுருக்கங்களுக்கும் இதே கணக்குதான்: ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வெளிச்சக் கரை ஒன்று, நிழல் கரை ஒன்று. நெற்றியில் எட்டு வரிகள் இருந்தால் மூன்றை முழுமையாக வரையுங்கள், இரண்டைக் கோடி காட்டுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள். வயது குறையாது, முகம் தெளியும்.

மூன்றாவது கடைவாய். உதடுகள் சேரும் கோடு ஒரே தடிமனில், ஒரே கருமையில் இடமிருந்து வலம் ஓடினால் வாய் தைத்து மூடியது போலிருக்கும். அது இரண்டு ஓரங்களிலும் இருண்டு, நடுவில் இளகி, சில இடங்களில் அறுந்தும் போகலாம். கடைவாயில் கோடு ஒரு முனையாக முடிவதில்லை. அரிசியளவு பள்ளத்துக்குள் போய் மறைகிறது, அதைச் சுற்றி ஒரு மெல்லிய நிழல் மேகம் இருக்கிறது. அந்த மேகத்தின் மேல்பாதியைக் கொஞ்சம் கூட்டினால் சிரிப்பு ஏறும், கீழ்ப்பாதியைக் கூட்டினால் வாய் தொங்கும். மோனா லிசாவின் கடைவாயையும் கடைக்கண்ணையும் லியோனார்டோ திட்டமாகவே நிழலில் கரைத்து வைத்ததால்தான் அந்தச் சிரிப்பு பார்க்கப் பார்க்க மாறுகிறது. பல் தெரிகிற சிரிப்பாக இருந்தால் பல்லுக்குப் பல் நடுவே கோடு இழுக்காதீர்கள். ஈறுப் பக்கத்துச் சின்ன முக்கோணங்களையும், பல்வரிசை முடிந்து கன்னத்துக்குள் இருளும் இடத்தையும் மட்டும் குறித்தால் பற்கள் தாமாகத் தோன்றும். பல்லின் டோன் 3. ஓரத்துப் பற்கள் 4, 5 என்று இருட்டுக்குள் போக வேண்டும். வெற்றுத் தாளாக விட்டால் பல்செட் விளம்பரம் ஆகிவிடும்.

கண்ணிலும் இதே வெள்ளைப் பொறி காத்திருக்கிறது. வெண்விழி வெள்ளை இல்லை. அது ஓர் உருண்டை, அதன் மேல் இமை குடை மாதிரி நிற்கிறது. மேலிமையின் நிழல் வெண்விழியின் மேல்பகுதியிலும் கருவிழியின் மேல்பகுதியிலும் ஒரு பட்டையாக விழும். அதை 5ஆம் படியில் வைக்காமல் விட்டால் எல்லா முகமும் திடுக்கிட்டு விழிக்கும். வெளிச்சப் பக்கத்துக் கண்ணின் வெண்விழி 3, நிழல் பக்கத்தது 6. கீழிமைக்குச் சிறு தடிமன் உண்டு, அந்த விளிம்பு மேல்நோக்கி இருப்பதால் ஒளியை வாங்கும். அந்த மெல்லிய வெளிச்ச இழையை விட்டுவைத்தால் கண் குழிக்குள் சரியாக உட்காரும். ஹைலைட் ஒரு கண்ணுக்கு ஒன்றுதான், ஜன்னல் இருக்கும் திசையில், பெரும்பாலும் பாவையும் (கருவிழியின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) கருவிழியும் சேரும் இடத்தில். அதற்கு எதிர்ப்பக்கக் கருவிழி சற்று வெளுத்திருக்கும்; கரும்பழுப்புக் கண்ணில் 8க்கு 7, அவ்வளவுதான். பாட்டியின் கண் என்பதால் இன்னொன்று: வயதானவர்களின் கருவிழி விளிம்பைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் படிவது சகஜம். அங்கே இளம் பெண்ணின் கண்ணுக்கு வரைவது போலக் கறுப்பு வட்டம் போட்டால், வயதான முகத்தில் அந்நியமான கண்கள் பொருத்தியது போல ஆகிவிடும். விளிம்பை மங்கலாக விடுங்கள். மூக்குத்தியின் மினுக்கு கண்ணின் மினுக்கை விஞ்சக் கூடாது. புகைப்படத்தில் விஞ்சினாலும் படத்தில் அதை ஊசிமுனை அளவுக்குச் சுருக்குங்கள்.

வரைந்து முடித்ததும் வாயை ஒரு தாள் துண்டால் மூடிப் பாருங்கள். கண்கள் மட்டும் தெரியும்போதும் பாட்டி சிரிக்க வேண்டும். முகபாவத்தைப் படிக்க இன்னொரு நல்ல பள்ளிக்கூடம் ரெம்பிராண்ட் 1630இல் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே செதுக்கிய சின்னச் சின்னச் செப்புத்தகட்டு அச்சுகள். வாய் பிளந்து கண் விரித்து வியக்கும் அந்த முகம் ஐந்து சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். வெறும் கீறல்கள், வண்ணம் கிடையாது, வழவழப்பான ஷேடிங்கும் கிடையாது. தொப்பியின் நிழல், பாதி இருண்ட முகம், திறந்த வாயின் இருள் ஆகியவையே வியப்பைச் சொல்லிவிடுகின்றன.

8பி ஏன் ஆழம் தரவில்லை? பென்சிலின் முனையில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். இரண்டையும் பிசைந்து சுடும் முறையை 1795இல் பிரான்ஸில் நிக்கோலா-ஜாக் கான்டே கொண்டுவந்தார். களிமண் கூடினால் கடினமான, வெளிறிய எச் வகை, குறைந்தால் மென்மையான, கறுத்த பி வகை. கிராஃபைட் தகடு தகடாகப் பிரிகிற பொருள். அழுத்தித் தேய்க்கும்போது அந்தத் தகடுகள் தாளோடு படுத்துக் கண்ணாடி போல ஒளியைத் திருப்புகின்றன. எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு பளபளப்பு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கறுப்பு இருக்க வேண்டிய இடம் வெள்ளி மாதிரி மின்னும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கிராஃபைட்டின் எல்லையை ஏற்றுக்கொண்டு, 4பி, 6பி இரண்டால் மெல்லிய அடுக்குகளாக மூன்று நான்கு முறை ஏற்றி, மற்ற டோன்களை அதற்கேற்ப இளக்கிக்கொள்ளலாம். முகத்தில் 9 என்பது நாசித்துளை, பாவை, இமைக்கடி, உதட்டின் ஓரப்பள்ளம் என்று நான்கைந்து இடங்களுக்குத்தான் தேவை. அல்லது அந்த இடங்களுக்குக் கார்பன் பென்சிலோ கரிப் பென்சிலோ பயன்படுத்தலாம், அவை மின்னாது. ஆனால் வழவழப்பான கிராஃபைட் மேல் கரி ஒட்டாமல் வழுக்கும். அதனால் அந்த இடங்களை முதலிலேயே வெறுமையாக விட்டுவைத்து நேரடியாகத் தாளில் போட வேண்டும்.

தாள் 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) கொண்ட கார்ட்ரிட்ஜ் என்ற கெட்டியான வரைதாளாக இருந்தால் போதுமானது. பிரிண்டருக்கான 75 ஜிஎஸ்எம் தாளில் இரண்டாவது அடுக்குக்கே இழை கிளம்பிவிடும். தொடக்கக் கோடுகளை 2எச்சால் அழுத்திப் போட்டால் தாளில் பள்ளம் விழும். பிறகு மேலே ஷேடிங் செய்யும்போது அந்தப் பள்ளங்கள் வெள்ளைக் கோடுகளாக மேலே வரும், எதைப் போட்டாலும் மறையாது. எச்பியைத் தளர்வாக, முனையிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் பின்னால் பிடித்து வரையுங்கள். விரலால் தேய்க்கவே கூடாது. விரலின் எண்ணெய் தாளில் இறங்கிய இடத்தில் கிராஃபைட் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், ரப்பருக்கும் அசையாது. ஸ்டம்ப்பை நிழல் கூட்டத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் உழைத்த அதே ஸ்டம்ப்பை வெளிச்சக் கன்னத்துக்குக் கொண்டுபோனால் கருமையையும் கூடவே கொண்டுபோகும். கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் எப்போதும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே அளவு முடிக்க வேண்டும் என்ற ஆசையும் படத்தைக் கொல்லும். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933இல் கரியால் வரைந்த, தான் வரைந்துகொண்டிருக்கும் சுயஉருவத்தில் முகமும் பிடித்த கையும் கவனமாக இருக்கின்றன. இடையில் கை முழுவதும் மேலும் கீழுமாக வெட்டி இழுத்த சில தடித்த கீறல்கள்தான். அந்த வேகமே முகத்தின் அமைதியை நிறுத்தி வைக்கிறது. இன்னொரு கோடியில் பிரெஞ்சு ஓவியர் ஸோரா, தன் நண்பர் அமான்-ஜானை 1882-83இல் கான்டே கிரேயான் என்ற கெட்டியான கறுப்புக் குச்சியால் வரைந்தபோது, வரிவரியான சொரசொரப்புள்ள தாளின் மேல் கறுப்பை உரசி உரசியே உருவத்தை எழுப்பினார். முகத்தின் விளிம்பு பின்னணியின் டோனுக்கு எதிராக நிற்பதால்தான் தெரிகிறது. உங்கள் படத்தில் புடவை மடிப்பையும் காதுத் தோட்டையும் கண்ணின் அளவுக்கு நுணுக்க வேண்டியதில்லை. இருட்டுப் பக்கத்துக் காது பின்னணியில் பாதி கரைந்தே போகலாம்.

கையிலிருக்கும் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அதைப் படம் பிடித்துக் கைபேசியில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; இரண்டையும் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். நிழல் தீவு எங்கே அறுந்திருக்கிறது என்று உடனே தெரியும். பிசையும் ரப்பரைச் சூடு வரப் பிசைந்து, வெளிச்சக் கன்னத்தின் அரைநிழல்களில் ஒற்றி ஒற்றி எடுத்து 4க்கு மேல் கருமை இல்லாமல் ஆக்குங்கள். தேய்த்தால் கறை பரவும். தாடையின் எதிரொளியை 2பியால் ஓர் அடுக்கு மூடுங்கள். நிழல் பக்கத்து வெண்விழியையும் பல்லையும் நிழலுக்குள் தள்ளுங்கள். மூக்கோர மடிப்பின் கீழ்ப்பாதியை ஒற்றி எடுத்துக் கரைய விடுங்கள். கடைவாய்க் கோட்டின் நுனியை எடுத்துவிட்டு அங்கே எச்பியால் மேகம் மட்டும் வையுங்கள். கீழிமையை ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்றுங்கள். ஏ3 முகத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய தூரம். கண்ணின் ஹைலைட்டைக் கடைசியில், ரப்பரை ஊசி போலத் திரித்து ஒரே ஒற்றலில் எடுங்கள். முப்பது சென்டிமீட்டர் தள்ளி இரண்டு மெல்லிய பூச்சு ஃபிக்ஸடிவ் (படம் கலையாமல் பிடித்து வைக்கும் தெளிப்பு) அடித்து, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது அடியுங்கள். அது டோன்களைச் சற்றுக் கருக்கும் என்பதால், முதலில் ஒன்பது கட்டப் பட்டையின் மேல் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.